குரோம்பேட்டை: ஒரு ஊர்ப்பெயரும் நிபுணர்களின் நூறாண்டும்

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை. எம்.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த நம் தம்பி தங்கைகள் பலர் தினமும் அங்கே இறங்குகிறார்கள். ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட குரோமிய உப்பின் பெயரே ஊருக்கும் நிலைத்தது.

ஒரு ரசாயன உப்பு ஊர்ப்பெயராகிவிட்டது. அந்த உப்புத் தண்ணீரில் கையை விட்டு வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய தொழிலைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக அரசுக்கு ஆலோசனை சொன்ன நிபுணர்களைப் பற்றியதும்கூட.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. புதிய தொழிற்பூங்கா, புதிய ஆலை, புதிய சுத்திகரிப்பு நிலையம் என்று எது வந்தாலும் "சுயேச்சையான நிபுணர் குழு பார்த்துவிட்டது" என்ற ஒரே வரியில் விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். அறிவியலுக்கு நாம் எதிரிகள் இல்லை. நமக்கு வேண்டியதே அறிவியல்தான். ஆனால் "சுயேச்சை" என்றால் யாரிடமிருந்து சுயேச்சை என்று கேட்காமல் நாம் தலையாட்ட முடியாது. தோல் தொழிலின் வரலாறு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று நமக்குக் கற்றுத் தருகிறது.

நிபுணர்களுக்கு முன்பு

மின்சார மோட்டார் வராத காலத்தில் நம் ஊர்க் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். தெற்கே அதைக் கமலை என்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். சாலின் அடியில் தும்பிக்கை போல ஒரு தோல் குழாய் தொங்கும். சில ஊர்களில் அதைத் தும்பி என்றார்கள், சில ஊர்களில் வால் என்றார்கள். அந்தத் தோல் கிழிந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாது, பயிர் வாடும். அதைச் செய்து கொடுத்ததும் தைத்துக் கொடுத்ததும் அருந்ததியர்கள். மாட்டுக்கு வார், காலுக்குச் செருப்பு என்று உழவுக்கு வேண்டிய தோல் பொருள் எல்லாமே அவர்கள் கையால் வந்தவை. கூலியாகக் களத்தில் அளந்து போடும் தானம் போன்ற தானியம் கிடைத்தது. அளவைத் தீர்மானித்தது நிலக்காரர்.

செத்த மாட்டின் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகும். அதை ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் நனைந்து உழைக்கும் பொருளாக மாற்றுவது சாதாரணக் காரியம் இல்லை. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்க வேண்டும். சதையைச் சீவ வேண்டும். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். கடுக்காய் சேர்க்க வேண்டும். எண்ணெய் பூசி உலர்த்த வேண்டும். இன்றைய வேதியியல் இதை விளக்குகிறது. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பட்டையில் உள்ள டானின் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு கிருமிகளால் அந்த இழைகளைச் சிதைக்க முடியாது. எந்தப் பட்டை, எவ்வளவு நாள், எப்போது எடுப்பது என்பதை விரலாலும் மூக்காலும் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. வேலை தெரியும். பொருளறிவியல் என்று இன்று பல்கலைக்கழகங்கள் சொல்வதன் நடைமுறைப் பாதி அவர்களிடம் இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "ஆகா, எங்கள் பாரம்பரிய அறிவு" என்று குலத்தொழிலைக் கொண்டாட நாம் வரவில்லை. அந்த அறிவு தீண்டாமையின் சிறைக்குள் விளைந்தது. பிறப்பால் திணிக்கப்பட்ட வேலையை யாரும் விரும்பி ஏற்கவில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாகப் பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கினார். இழிவு சுமத்தப்பட்ட வேலையில் மனிதனின் மனமும் மூளையும் எப்படி ஈடுபடும் என்ற கேள்வியையும் அங்கேதான் எழுப்பினார். ஆகவே நாம் உரிமை கோருவது அந்த அறிவின் வரலாற்றுக்கு. அந்த வேலையைச் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நாம் முழுமையாக நிராகரிக்கிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாட்டர்டன் வந்தார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத் தோல் கப்பலேறி இங்கிலாந்து போகத் தொடங்கியது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், பல்லாவரம் என்று தோல் ஷாப்புகள் பெருகின. முஸ்லிம் வணிகர்கள் பலர் இதில் இறங்கினார்கள்; சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய தொழிலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஏற்றுமதியால் தோல் விலை ஏறியபோது ஊரில் இருந்த அருந்ததியர் கைக்குத் தோல் கிடைப்பதே அரிதானது. சொந்தமாகச் செருப்புத் தைத்தவர் கூலிக்குக் குழி இறங்கினார்.

இந்தக் கட்டத்தில்தான் ஆல்பிரட் சாட்டர்டன் வருகிறார். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கி வெற்றி கண்டவர். 1903இல் அவருடைய கவனம் குரோம் பதனிடலுக்குத் திரும்பியது. பட்டையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலை குரோமிய உப்பில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். கிடைக்கும் தோல் தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். சாட்டர்டன் முதலில் செய்ய நினைத்த பொருள் எது தெரியுமா? கவலைக்கான தோல். ஓயாமல் தண்ணீரில் நனையும் அந்தத் தோல் குரோம் முறையில் பதப்படுத்தினால் நெடுநாள் உழைக்கும் என்று கணக்கிட்டார். 1904இல் சென்னை மாகாணத் தோல் தொழில் பற்றி அரசுக்காக ஒரு தனி நூலே எழுதினார்.

அவரை நாம் நியாயமாகவே மதிப்பிட வேண்டும். பிரிட்டிஷ் அரசு இந்தியாவைக் கச்சாப் பொருள் ஏற்றுமதி செய்யும் நாடாகவே வைத்திருக்க விரும்பிய காலத்தில், இங்கேயே உற்பத்தி நடக்க வேண்டும், அதற்கு அரசு முன்னோடியாக ஆலை நடத்திக் காட்ட வேண்டும் என்று வாதிட்டவர் அவர். 1908இல் உதகையில் நடந்த தொழில் மாநாட்டுக்குப் பிறகு மாகாண அரசு அதை ஏற்றுத் தனித் துறை அமைக்க முனைந்தது. சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். அரசு வியாபாரத்தில் போட்டி போடக் கூடாது என்றார்கள். 1910இல் இந்தியா அமைச்சர் மார்லி லண்டனிலிருந்து அனுப்பிய உத்தரவு அந்த முயற்சிக்குத் தடை போட்டது. அரசு நடத்திய குரோம் ஆலை பின்னர் ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

தேசியவாத வரலாறுகளில் இந்தக் கதை "சுதேசித் தொழிலை ஆங்கிலேயன் நசுக்கினான்" என்று முடிந்துவிடும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நிபுணர், மாகாண அரசு, வணிகர் சங்கம், லண்டன் ஆகிய நான்கு தரப்பும் சண்டை போட்டுக்கொண்ட அந்த விவாதத்தில் ஐந்தாவது தரப்பு ஒன்று இருந்தது. அரசு ஆவணங்கள் அவர்களை "சக்ளர்" என்று எழுதின. இன்று வசவாகப் புழங்கும் சாதிப்பெயரின் ஆங்கிலத் திரிபு அது. அவர்களிடமிருந்து செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தொழில் எப்படி நடக்க வேண்டும், ஆலையில் யாருக்குப் பங்கு, கூலி எவ்வளவு என்று அவர்களிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. தகவல் கொடுப்பவர் ஒருவர், நிபுணர் இன்னொருவர் என்ற பிரிவு அங்கேயே விழுந்துவிட்டது.

அதே ஆண்டுகளில், 1907 முதல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். சாதியை வைத்துக்கொண்டே சுதேசியம் பேசுகிறவர்களை அவர் விடாமல் கேள்வி கேட்டார். மாகாணத்தின் தொழில் கொள்கையை எழுதிய மேசைக்கும் அவருடைய அச்சகத்துக்கும் இடையே சில மைல் தூரம்தான். ஆனால் அந்த மேசையில் அவருக்கோ அவருடைய வாசகர்களுக்கோ நாற்காலி போடப்படவில்லை.

ஆணையங்களும் ஆய்வகங்களும்

1916இல் இந்தியத் தொழில் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் தாமஸ் ஹாலண்ட், நிலவியல் அறிஞர். சாட்டர்டன் உறுப்பினர். தொராப்ஜி டாட்டா, ராஜேந்திரநாத் முகர்ஜி, ஃபசல்பாய் கரீம்பாய் என்று முதலாளிகள் இருந்தார்கள். மதன்மோகன் மாளவியா இருந்தார். அறிக்கையோடு தனிக்குறிப்பும் எழுதினார். நாட்டின் எல்லாத் தொழில்களையும் பற்றி ஆலோசனை சொன்ன அந்தப் பட்டியலில் ஒரு தொழிலாளிகூட இல்லை. தீண்டப்படாதவராக வைக்கப்பட்டவரும் இல்லை. போர்க்காலத்தில் ராணுவப் பூட்ஸுக்குத் தோல் தேவைப்பட்டது. 1915இல் சென்னையில் தோல் தொழில் பள்ளி தொடங்கப்பட்டது. 1919இல் பதப்படுத்தாத தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பதனிடப் போகும் தோலுக்கு அதில் பெரும் தள்ளுபடியும் கொடுத்தார்கள். தோலைப் பற்றி இவ்வளவு அக்கறை. தோலைத் தொட்டவர்களைப் பற்றி?

நம் பக்கம் யாரும் சும்மா இருக்கவில்லை. அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். வெளியே இரவுப்பள்ளிகள் நடத்தினார். பகலெல்லாம் தோலோடு மல்லுக்கட்டியவர்கள் இரவில் எழுத்துக் கற்றார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் சங்கம் கட்டினார்கள். அவர்களுடைய வாழ்க்கையை எந்தக் குழுவின் அறிக்கையிலும் தேடாதீர்கள். டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலில் தேடுங்கள். 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நூல் அது.

விடுதலைக்குப் பிறகு, 1948 ஏப்ரல் 24 அன்று, அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா உலக அளவில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தார். "தோலா, சீ" என்று ஒதுங்கிய படித்த சாதிகளின் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அங்கே போனார்கள். தோல் ஒரு பட்டப்படிப்பானது. இது ஒரு சமூக மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று கவனியுங்கள். அதே தோல் ஆய்வகத்தில் அறிவியலானபோது தீட்டு கழன்றுபோனது. குழிக்குள் இருந்தபோது கழலவில்லை. தீட்டு பொருளில் இருந்ததே இல்லை, ஆளின் மேல்தான் ஏற்றப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1972இல் சீதாராமையா குழு தன் ஆலோசனையைச் சொன்னது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துங்கள். முழுமையாக முடித்த தோலும் தோல் பொருள்களும் ஏற்றுமதியாகட்டும். அந்நியச் செலாவணி கூடும், வேலைவாய்ப்பு கூடும். பொருளாதாரக் கணக்கில் இந்த ஆலோசனை பலித்தது. ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி வட்டாரத்தில் ஆலைகள் வளர்ந்தன; காலணித் தொழிற்சாலைகள் வந்தன; நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். நிலக்காரரின் களத்தில் கைநீட்டி நின்ற குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் முழுமையாக முடித்த தோல் இங்கே உற்பத்தியானால் அதன் முழுக் கழிவும் இங்கேதான் தேங்கும். ஐரோப்பாவில் ஓடியிருக்க வேண்டிய குரோமியத் தண்ணீர் பாலாற்றுக்கு வந்தது. குழுவின் முன் வைக்கப்பட்ட கேள்வி "டாலர் எப்படி வரும்" என்பது. "தண்ணீர் எங்கே போகும்" என்ற கேள்வியைச் சேரியில் கிணறு வைத்திருந்தவர் கேட்டிருப்பார். அவர் குழுவில் இல்லை.

கிணறு கிணறாகப் போனவர்கள்

பாலாற்றில் நடந்ததைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பைக் கொட்டுகிறார்கள். ஆலையில் தோலைக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்க்கிறார்கள். பிறகு குரோமியம். பதனிடலுக்குப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ஆறு இணைதிறன் கொண்டதோ புற்றுநோய் தரும் நஞ்சு. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, இந்த இரண்டாம் வகை நஞ்சு கலந்த கழிவை லட்சம் டன்னுக்கும் மேல் திறந்த வெளியில் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்யும்போதெல்லாம் அது நிலத்தடி நீருக்கு இறங்கியது.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அறிவித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தத் தீர்ப்பைக் கோட்பாடுகளுக்காகப் படிக்கிறீர்கள். அதில் பதிவாகியிருக்கும் சான்றுகளுக்காகவும் ஒருமுறை படியுங்கள். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போய்விட்டன என்று கண்டது. அதையும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்து எழுதியது.

13 கிராமங்கள், 467 கிணறுகள். ஊர் ஊராக நடந்து, கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, மக்களிடம் கேட்டு எழுதிய கணக்கு அது. அரசோ முதலாளியோ சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை இல்லை. நம்மைப் பொறுத்தவரை சுயேச்சையான நிபுணர் ஆலோசனை என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஒரு எடுத்துக்காட்டு இந்த வரலாற்றில் இதுதான்.

தீர்ப்பின்படி சூழல் இழப்புக்கான ஆணையம் அமைந்தது. 2001இல் அது வேலூர் வட்டாரத்துக்கான இழப்பீட்டைத் தீர்மானித்தது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கோணமும் உண்டு. நிலம் பாழானால் நிலக்காரருக்கு ஏக்கர் கணக்கு சொல்லலாம். அந்த நிலத்தில் களை எடுத்துப் பிழைத்தவருக்கு எந்தப் பட்டாவைக் காட்டி இழப்பைக் கணக்கிடுவது? கூலிநாளை இழந்ததும், குடிக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க நேர்ந்ததும் எந்த அளவையால் அளக்கப்படும்? பட்டா இல்லாதவரின் இழப்பை அளக்கும் கருவியை நிபுணர்கள் இன்னும் செய்யவில்லை.

தீர்வின் சுவர்

ஆலைகளை மூடாமல் இருக்க நிபுணர்கள் சொன்ன தீர்வு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். பல ஆலைகளின் கழிவை ஓரிடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்வது. தவறான யோசனை என்று சொல்லமாட்டோம். ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்த ஆபத்தான வேலைக்கு இப்போது தொலைதூரத்து ஏழைகளை வரவழைக்கிறார்கள். குழி அதேதான், இறங்குகிறவரின் மொழி மாறியிருக்கிறது.

தோல் ஆலைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி மூச்சு முட்டிச் செத்தவர்கள் பற்றிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். "விஷவாயு தாக்கி" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்த வாயுவுக்குப் பெயர் உண்டு: ஹைட்ரஜன் சல்ஃபைடு. மயிர் நீக்கப் போட்ட சல்ஃபைடு, அமிலத் தண்ணீரோடு சேர்ந்தால் அது கிளம்பும். கழிவுச்சேறு அழுகும்போதும் உண்டாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைக்கிறவர் அடுத்த நிமிடம் விழுவார். காப்பாற்றக் குதிப்பவரும் விழுவார். இது வேதியியல் படித்த எவருக்கும் புதிய செய்தி இல்லை. தொட்டி கட்ட வரைபடம் போட்ட நிபுணருக்குத் தெரியும். இறங்கச் சொன்ன மேற்பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இறங்கியவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அறிவு ஒரு பக்கமும் ஆபத்து மறு பக்கமும் பிரிந்து கிடப்பதைத்தான் நாம் சாதி என்கிறோம்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

இந்த வரலாற்றிலிருந்து நிபுணர்களே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குரோம் வேண்டாம், ஆலை வேண்டாம், பழையபடி ஆவாரம்பட்டைக்குப் போவோம் என்பதும் நம் கோரிக்கை இல்லை. தோல் தொழில் என்றதும் முஸ்லிம் முதலாளி பக்கம் மட்டும் விரல் நீட்டச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். அவர்களுக்கு நதியும் முக்கியம் இல்லை, நாமும் முக்கியம் இல்லை. 2016 ஜூலையில் குஜராத் மாநிலம் ஊனா பகுதியில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் யார் என்பதை நாம் மறக்கவில்லை. அங்கே தலித் மக்கள் கொடுத்த பதிலும் நினைவிருக்கட்டும். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். இந்த வேலை இல்லாமல் ஊர் எப்படி நடக்கும் என்பதை எந்த நிபுணர் அறிக்கையாலும் அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழுவுக்கு எந்தக் கேள்வி கொடுக்கப்பட்டது, அதை எழுதியவர் யார்? உறுப்பினர்களில் அந்த வேலையைக் கையால் செய்தவரோ, அந்தத் தண்ணீரைக் குடிப்பவரோ எத்தனை பேர்? ஆலோசனை தவறிப்போனால் அதன் விலையை யார் உடம்பால் கொடுப்பார்? அரசிடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் சுயேச்சை என்று சொல்லிக்கொள்வது எளிது. சாதியிடமிருந்து சுயேச்சையா என்பதை இந்த மூன்று கேள்விகளும் காட்டிக் கொடுத்துவிடும்.

கேட்பதோடு நிற்காமல் கற்றுக்கொள்ளவும் வேண்டும். குடிநீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்பை அளக்கும் சிறு மீட்டர் கடையில் கிடைக்கும். ஒரு மாணவர் அமைப்பால் வாங்க முடியும். குரோமியத்தை அந்த மீட்டர் காட்டாது. அதற்கு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எந்த அளவு என்று நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். திண்டுக்கல்லில் கிணறு எண்ணியவர்கள் செய்தது அதைத்தான்.

நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக வேதியியலும் பொறியியலும் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா குழிக்குள் நின்று தெரிந்துகொண்டதும் நீங்கள் வகுப்பில் படிப்பதும் ஒரே பாடம்தான். அவரிடம் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் அவரை நிபுணர் என்று ஏற்கவில்லை. உங்களை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்காதபடி படியுங்கள். அடுத்த குழு அமையும்போது தகவல் சொல்லப் போகாதீர்கள், நாற்காலி கேட்டு உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு, தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு அந்த வாயுவின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

ஜெய்பீம்.